பிள்ளைகளை எப்போது பிரிப்பது? ஜெர்மனியும் பின்லாந்தும் சொன்ன இரு விடைகள்

ஜெர்மனியின் பவேரியா மாநிலத்தில் மே மாதம் பிறந்துவிட்டால், நான்காம் வகுப்புப் பிள்ளை இருக்கும் வீடுகளில் பதற்றமும் கூடவே வந்துவிடும். அந்த மாதத் தொடக்கத்தில் பள்ளி ஒரு சான்றிதழைக் கொடுக்கும். ஜெர்மன் மொழி, கணக்கு, சுற்றுப்புறப் பாடம் ஆகிய மூன்றிலும் பிள்ளை பெற்ற தரம் அதில் இருக்கும். அங்கே 1 முதல் தரம், 6 கடைசித் தரம். மூன்றின் சராசரி 2.33க்குள் இருந்தால் பல்கலைக்கழகத்துக்கு நேர்வழியான கிம்னாசியத்தில் சேரலாம். 2.66க்குள் இருந்தால் ரெயால்ஷூலெ என்னும் நடுத்தரப் பள்ளி. அதையும் தாண்டினால் தொழிலை நோக்கிய மூன்றாவது பள்ளி. சராசரியை விட்டுக் கூட்டிப் பார்த்தால் விஷயம் இன்னும் துலக்கமாகும்: கூட்டுத்தொகை 7 வந்தால் ஒரு பாதை, 8 வந்தால் இன்னொன்று, 9 வந்தால் மூன்றாவது. முடிவை ஏற்காத பெற்றோருக்கு மூன்று நாள் சோதனை வகுப்பு என்ற வழி உண்டு. ஆனால் இத்தனையும் நடப்பது பத்து வயதுப் பிள்ளைக்கு.

அதே வயதுப் பிள்ளை பின்லாந்தில் பெரும்பாலும் மூன்றாம் வகுப்பில்தான் இருக்கும். அதன் வீட்டில் அந்த மே மாதம் கோடை விடுமுறைக்கான காத்திருப்பு மட்டுமே. மருத்துவரின் மகளும் பேருந்து ஓட்டுநரின் மகனும் பதினாறு வயது வரை ஒரே பள்ளியில், ஒரே பாடத்தை, ஒரே மேசையில் சாப்பிட்டுக்கொண்டு படிப்பார்கள்.

'விளையும் பயிர் முளையிலே தெரியும்' என்று நாமும் சொல்லிப் பழகியிருக்கிறோம். அந்தப் பழமொழியை நம்பி ஒரு நாடு தன் பள்ளிகளைக் கட்டினால் என்ன ஆகும், நம்பாமல் கட்டினால் என்ன ஆகும் என்பதற்கு இந்த இரண்டு நாடுகளைவிடத் தெளிவான சான்று ஐரோப்பாவில் கிடைப்பது அரிது. இரண்டும் செல்வ நாடுகள். இரண்டிலும் பள்ளிக் கல்வி இலவசம். ஆனால் பிள்ளைகளைப் பிரிக்கும் வயதில் ஆறு ஆண்டு வேறுபாடு. அந்த ஆறு ஆண்டுகள் எதைத் தருகின்றன, எதைத் தருவதில்லை என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

வேர்கள்

ஜெர்மனியின் பள்ளி வரலாறு பெருமைக்குரியது. பிரஷ்யாவின் அரசர் இரண்டாம் பிரெடெரிக் 1763லேயே நாட்டுப்புறப் பள்ளிகளுக்கு ஆணை பிறப்பித்துப் பிள்ளைகள் பள்ளிக்கு வருவதைக் கடமையாக்கினார். பல்கலைக்கழக நுழைவுக்கான 'அபிட்டூர்' தேர்வு அங்கே 1788இல் பிறந்தது. 1809இல் பிரஷ்யக் கல்வித் துறைப் பொறுப்பை ஏற்ற வில்ஹெல்ம் ஃபான் ஹும்போல்ட், கிரேக்கமும் லத்தீனும் கற்பிக்கும் கிம்னாசியத்துக்கு ஓர் உயர்ந்த இலட்சியத்தைக் கொடுத்தார். ஆனால் அந்த இலட்சியம் போய்ச் சேர்ந்தது சிலரிடம் மட்டும். உழவர், தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் மக்கள் பள்ளி என்னும் வேறு கூரையின் கீழ் எழுத்தும் கணக்கும் கற்று வேலைக்குப் போனார்கள். வசதியுள்ளவர்களின் பிள்ளைகளுக்குத் தொடக்க வகுப்புகளே தனியாக இருந்தன.

முதல் உலகப் போருக்குப் பின் வந்த குடியரசு 1920இல் ஒரு சட்டம் செய்தது: முதல் நான்கு ஆண்டுகள் எல்லாப் பிள்ளைகளும் ஒன்றாகப் படிக்க வேண்டும். எட்டு ஆண்டு கேட்டவர்களுக்கும் ஒரு நாளும் கூடாது என்றவர்களுக்கும் இடையில் பிறந்த சமரசம் அது. ஜெர்மனியின் பெரும்பகுதி இன்றும் நிற்பது அந்தச் சமரசத்தின் மேல்தான். இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்க ஆட்சியாளர்கள் பொதுப்பள்ளி முறையைக் கொண்டுவரச் சொன்னபோது, பவேரியா போன்ற மாநிலங்கள் பிடிவாதமாக மறுத்தன. கிழக்கு ஜெர்மனி 1959இல் பத்தாண்டுப் பொதுப்பள்ளியை ஏற்படுத்தியது. அந்த நாடே மறைந்தபோது பள்ளியும் மறைந்தது. பள்ளிக் கல்வி 16 மாநிலங்களின் அதிகாரத்தில் இருப்பதால் விதிகள் ஊருக்கு ஊர் மாறும். பெர்லினிலும் பிராண்டன்பர்கிலும் பிள்ளைகளைப் பிரிப்பது ஆறாம் வகுப்புக்குப் பிறகு. பல மாநிலங்களில் ஆசிரியரின் பரிந்துரை வெறும் ஆலோசனை, இறுதிச் சொல் பெற்றோருடையது.

பின்லாந்தின் கதை வேறு தொடக்கம் கொண்டது. சுவீடனின் ஆட்சியில் இருந்த அந்த நாட்டில் வாசிக்கத் தெரிந்தால்தான் திருச்சபையில் உறுதிப்பூசுதல் பெறலாம். அது இல்லாமல் திருமணம் செய்ய முடியாது. ஆகவே ஏழை உழவனும் எழுத்துக் கூட்டக் கற்றான். ரஷ்யப் பேரரசின் கீழ் வந்தபின், 1863இல் யுவாஸ்குலா ஊரில் ஊனோ சிக்னேயுஸ் முதல் ஃபின்னிய மொழி ஆசிரியர் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். 1866இல் மக்கள் பள்ளி ஆணை வந்தது. விடுதலை பெற்றபின் 1921இல் கட்டாயக் கல்விச் சட்டம் வந்தது.

இதுவரை சொன்னதை வைத்துப் பின்லாந்து எப்போதுமே சமத்துவ நாடு என்று எண்ணிவிடக் கூடாது. 1960கள் வரை அங்கேயும் பிள்ளைகளை 11 வயதில் பிரித்தார்கள். மக்கள் பள்ளியில் நான்காண்டு முடித்ததும், சிலர் கட்டணம் கட்டி 'ஓப்பிகோவுலு' என்னும் மேல்நிலைப் பள்ளிக்குப் போனார்கள், மற்றவர்கள் பின்தங்கினார்கள். அந்தப் பள்ளிகளில் பெரும்பாலானவை நகரங்களில் இருந்தன. காட்டோரக் கிராமத்துப் பிள்ளைக்குப் பணமும் இல்லை, வழியும் இல்லை. அதாவது, ஜெர்மனியின் இன்றைய கேள்வியை அன்று பின்லாந்தும் சுமந்துகொண்டிருந்தது.

ஒரு நாடு மனம் மாறியது

மாற்றம் அரசியலில் தொடங்கியது. நாட்டுப்புற மக்களை நம்பியிருந்த உழவர் கட்சிக்குத் தன் வாக்காளர்களின் பிள்ளைகளுக்கு நல்ல பள்ளி வேண்டும். இடதுசாரிக் கட்சிகளுக்குத் தொழிலாளர் பிள்ளைகளுக்கு வேண்டும். இருவரும் ஒரு புள்ளியில் சந்தித்தார்கள். 1963இல் நாடாளுமன்றம் பொதுப்பள்ளி என்ற கொள்கையை ஏற்றது; 1968இல் சட்டம் வந்தது. 1972இல் வடகோடியில் இருக்கும் லாப்லாந்தில் தொடங்கி ஒவ்வொரு பகுதியாகத் தெற்கே இறங்கி, 1977இல் ஹெல்சிங்கி வட்டாரத்தை எட்டியது புதிய 'பெருஸ்கோவுலு', அதாவது ஒன்பதாண்டுப் பொதுப்பள்ளி. பழைய மேல்நிலைப் பள்ளிகளின் பிடி மிக இறுகியிருந்த தலைநகரைக் கடைசிக்கு வைத்தது நல்ல யோசனை.

எதிர்ப்பு பலமாக இருந்தது. கெட்டிக்காரப் பிள்ளைகள் கெட்டுப்போவார்கள், நாட்டின் தரம் சரியும் என்றார்கள். அவர்களைச் சமாதானப்படுத்தக் கணக்கிலும் அயல்மொழிகளிலும் திறமை வாரியான பிரிவுகளைப் பொதுப்பள்ளிக்குள்ளேயே அனுமதித்தார்கள். கீழ்ப்பிரிவில் படித்தவருக்கு மேற்படிப்பு வாசல் அடைபடுவதைக் கண்டபின், 1985இல் அந்தப் பிரிவுகளும் நீங்கின.

இதற்குள் இன்னொரு வேலையும் நடந்திருந்தது. எல்லா வகைப் பிள்ளைகளும் ஒரே வகுப்பில் உட்கார்ந்தால் கற்பிப்பது கடினமாகும் என்பதைச் சீர்திருத்தக்காரர்கள் மறைக்கவில்லை. 1970களில் ஆசிரியர் பயிற்சி முழுவதையும் பல்கலைக்கழகங்களுக்கு மாற்றினார்கள். அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் ஒன்றாம் வகுப்பு ஆசிரியருக்கும் முதுகலைப் பட்டம் அடிப்படைத் தகுதியானது. பள்ளி ஆய்வாளர்கள் வந்து சோதிக்கும் வழக்கத்தை 1990களின் தொடக்கத்தில் விட்டார்கள். பாடநூலுக்கு அரசின் முன் அனுமதி பெறும் முறையும் போயிற்று. முதலில் ஆசிரியரை உருவாக்கினார்கள், பிறகு ஆசிரியரை நம்பினார்கள். இந்த வரிசையை மறந்து, பின்லாந்தில் தேர்வு இல்லை, ஆய்வாளர் இல்லை என்று மட்டும் சொல்லித் திரிவது அந்தச் சீர்திருத்தத்தையே தவறாகப் புரிந்துகொள்வதாகும்.

பள்ளி நாள் சொல்லும் செய்தி

சட்டங்களைவிடப் பள்ளி நாள் உண்மையை அதிகம் சொல்லும். ஜெர்மனியில் ஆறு வயதுப் பிள்ளை, இனிப்பும் எழுதுகோலும் நிரப்பிய பெரிய காகிதக் கூம்பைக் கட்டிப்பிடித்தபடி முதல் நாள் பள்ளிக்கு வரும். ஊரே கொண்டாடும் அழகான வழக்கம் அது. ஆனால் நெடுங்காலமாக அங்கே பள்ளி நண்பகலோடு முடிந்துவிடும். பிள்ளை வீட்டுக்கு வந்து சாப்பிட்டு, அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதும். அந்த அம்மாவுக்குப் படிப்பும் நேரமும் இருந்தால் சரி. இல்லாவிட்டால், பள்ளி பாதியில் விட்ட வேலையை முடிக்க யாரும் இல்லை. பத்து வயதில் வரும் சான்றிதழ் பிள்ளையின் திறமையை மட்டும் அளப்பதில்லை. பிற்பகல்களில் அதன் பக்கத்தில் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்பதையும் சேர்த்தே அளக்கிறது.

1983க்குப் பின் ஜெர்மனியில் அடைக்கலம் புகுந்த ஈழத் தமிழ்க் குடும்பங்களுக்கு இது ஏட்டுச் செய்தி அன்று. உணவகங்களிலும் தொழிற்சாலைகளிலும் முறை மாற்றி வேலை செய்துகொண்டே புதிய மொழியைக் கற்ற பெற்றோர், நான்காம் வகுப்பு முடிவதற்குள் மூன்று வகைப் பள்ளிகளின் பொருளையும் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. வார இறுதித் தமிழ்ப் பள்ளிகளை வளர்த்த அதே கைகள்தாம் வார நாட்களில் புரியாத படிவங்களில் கையெழுத்திட்டன.

பின்லாந்தில் பிள்ளை ஏழு வயதில் ஒன்றாம் வகுப்பில் சேரும். அதற்கு முந்தைய ஓராண்டு முன்பள்ளி 2015 முதல் கட்டாயம். பொதுவாக 45 நிமிடம் பாடம், 15 நிமிடம் வெளியே விளையாட்டு, பனி கொட்டினாலும் அப்படித்தான். மதிய உணவு இலவசம். 1943இல் இயற்றிய சட்டம் 1948 முதல் நடைமுறைக்கு வந்தது. பாடநூலுக்கும் காசு இல்லை. படிப்பில் சறுக்கும் பிள்ளைக்கு அதே பள்ளியிலேயே சிறப்பு ஆசிரியர் உண்டு. ஒரு சில மாதங்களுக்கோ ஒரு பாடத்துக்கோ அவரிடம் போய்வருவார்கள். ஒவ்வோர் ஆண்டும் சுமார் ஐந்தில் ஒரு பிள்ளை இந்த உதவியைப் பெறுவதால் அதில் அவமானம் ஒட்டுவதில்லை. ஜெர்மனியில் பின்தங்கும் பிள்ளையை அதே வகுப்பில் மறுபடி உட்கார வைக்கலாம், அல்லது 'கீழான' பள்ளிக்கு அனுப்பலாம். சிக்கலைப் பிள்ளையோடு சேர்த்து வேறு இடத்துக்கு நகர்த்த முடிகிற பள்ளி, அதைத் தன்னிடமே வைத்துத் தீர்க்கக் கற்பது கடினம். பின்லாந்துப் பள்ளிக்கு நகர்த்த இடமே இல்லை, அதனால் கற்றுக்கொண்டது.

2001 டிசம்பர்

பதினைந்து வயது மாணவர்களைச் சோதிக்கும் 'பிசா' ஆய்வின் முதல் முடிவுகள் 2001 டிசம்பரில் வந்தன. வாசிப்பில் பின்லாந்து 546 புள்ளிகளுடன் முதலிடம். ஜெர்மனி 484, சராசரியான 500க்கும் கீழே. கவிஞர்கள், சிந்தனையாளர்களின் நாடு என்று தன்னை அழைத்துக்கொள்ளும் தேசத்துக்கு அது பேரிடி. 'பிசா அதிர்ச்சி' என்ற சொல்லே மொழியில் நிலைத்தது. இன்னும் வலித்தது வேறொன்று: பெற்றோரின் நிலையும் பிள்ளையின் மதிப்பெண்ணும் மிக நெருக்கமாகப் பிணைந்திருந்த நாடுகளில் ஜெர்மனி முன்வரிசையில் இருந்தது. பின்லாந்தில் எந்தப் பள்ளியில் படித்தாலும் பெரிய வேறுபாடு இல்லை. ஜெர்மனியில் பள்ளிக்குப் பள்ளி மலைக்கும் மடுவுக்குமான வேறுபாடு. ஒரே அளவு வாசிப்புத் திறன் கொண்ட இரண்டு பிள்ளைகளில், மேல்தட்டு வீட்டுப் பிள்ளைக்குக் கிம்னாசியப் பரிந்துரை கிடைக்கும் வாய்ப்பு, தொழிலாளர் வீட்டுப் பிள்ளையைவிட இரண்டு மடங்குக்கும் அதிகம் என்பதைத் தொடக்கப் பள்ளி ஆய்வுகள் காட்டின.

ஜெர்மனி கைகட்டி நிற்கவில்லை. எல்லா மாநிலங்களுக்கும் பொதுவான கற்றல் அளவுகோல்களை வகுத்தது. 2003 முதல் முழுநாள் பள்ளிகளுக்காக 400 கோடி யூரோ ஒதுக்கியது. 2012க்குள் கணக்கில் 514 புள்ளிகளுக்கு ஏறியது. ஆனால் பிரிக்கும் வயதில் மட்டும் பெரும்பாலான மாநிலங்கள் கைவைக்கவில்லை. 2006இல் வந்த ஐநா சிறப்பு அறிக்கையாளர் வெர்னோர் முன்யோஸ் அதைத்தான் சுட்டிக்காட்டினார். பதிலாகக் கிடைத்தது கோபம்.

ஏன் கைவைக்க முடியவில்லை என்பதற்கு ஹாம்பர்க் நகரம் விடை சொல்கிறது. அங்கே ஒன்றாகப் படிக்கும் காலத்தை ஆறாண்டாக்க நகர நாடாளுமன்றத்தின் எல்லாக் கட்சிகளும் ஒத்துக்கொண்டன. பெற்றோர் குழு ஒன்று எதிர்த்துக் கிளம்பி, 2010 ஜூலை 18 அன்று பொது வாக்கெடுப்பில் அதைத் தோற்கடித்தது. வசதியான பகுதிகளில் பலரும் வாக்களித்தார்கள். ஏழைப் பகுதிகளில் வாக்குச்சாவடிக்கு வந்தவர்கள் குறைவு. எந்தப் பிள்ளைகளுக்காக அந்த மாற்றமோ, அவர்களின் பெற்றோரில் குடியுரிமை இல்லாத பலருக்கு வாக்கும் இல்லை. தம் பிள்ளையின் முன்னிலையைக் காக்க நினைத்த பெற்றோரை நான் குற்றம் சொல்லத் துணியமாட்டேன். ஆனால் பள்ளி முறை என்பது தத்தம் பிள்ளைக்கான அன்புகளின் கூட்டல் மட்டுமாக இருந்துவிட்டால், கேட்பதற்கு ஆளில்லாத பிள்ளை தோற்றே தீரும்.

ஆய்வுகள் சொல்வது

பின்லாந்து தன் சீர்திருத்தத்தைப் பகுதி பகுதியாகச் செய்ததால் ஆய்வாளர்களுக்கு அரிய வாய்ப்பு கிடைத்தது: ஒரே வயதினரில் பழைய முறையில் படித்தவர்களையும் புதிய முறையில் படித்தவர்களையும் ஒப்பிடலாம். பெக்கரினென், ஊசிதாலோ, கெர் மூவரும் 2009இல் வெளியிட்ட ஆய்வின்படி, தந்தையின் வருமானத்துக்கும் மகனின் வருமானத்துக்கும் உள்ள பிணைப்பைப் பொதுப்பள்ளி ஏறத்தாழ கால் பங்கு தளர்த்தியது. பிசா அளக்கும் மதிப்பெண்ணைவிட இது பெரிய செய்தி. இது வாழ்நாள் அளவு.

மறுபக்கத்தையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். டஸ்ட்மான், புஹானி, ஷோன்பெர்க் ஆகியோர் 2017இல் ஜெர்மனி பற்றி வெளியிட்ட ஆய்வு, எல்லைக்கோட்டில் நின்ற பிள்ளைகளை எடுத்துக்கொண்டது. பிறந்த தேதியின் காரணமாக வகுப்பில் மூத்தவராகவோ இளையவராகவோ இருந்து, அதனாலேயே வேறு வேறு பள்ளிக்குப் போனவர்கள் அவர்கள். வளர்ந்தபின் அவர்களின் ஊதியத்திலும் வேலையிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. காரணம், ஜெர்மன் முறையில் பின்னால் ஏறிக்கொள்ளப் படிகள் உண்டு: ரெயால்ஷூலெ முடித்தவர் மேற்படிப்புக்கு மாறலாம், தொழிற்பயிற்சி முடித்தவர் பல்கலைக்கழகத்துக்கும் போகலாம். ஆனால் இந்த ஆறுதல் எல்லைக்கோட்டில் நின்றவர்களுக்குத்தான். கோட்டுக்கு வெகு கீழே, படிப்பில்லாத வீட்டிலிருந்து வந்த பிள்ளையைப் பற்றி அந்த ஆய்வு பேசவில்லை.

கைத்தொழிலின் மதிப்பு

ஜெர்மனியிடம் பின்லாந்து கற்க வேண்டியதும் உண்டு. அங்கே ஓர் இளைஞர் நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்துகொண்டு, வாரத்தில் மூன்று நான்கு நாள் வேலையிடத்திலும் ஒன்றிரண்டு நாள் தொழிற்பள்ளியிலும் கற்பார்; ஊதியமும் பெறுவார். மின்பணியாளர் முதல் வங்கி அலுவலர் வரை 300க்கும் மேற்பட்ட தொழில்களுக்கு இந்த இரட்டைப் பயிற்சி உண்டு. மூன்று, மூன்றரை ஆண்டில் கிடைக்கும் சான்றிதழை நாடு முழுவதும் மதிப்பார்கள். மேலும் கற்று 'மைஸ்டர்' ஆனவர் தச்சராக இருந்தாலும் ஊரில் தலைநிமிர்ந்து நடப்பார். ஜெர்மனியின் இளைஞர் வேலையின்மை ஐரோப்பாவில் மிகக் குறைந்தவற்றுள் ஒன்றாக இருப்பதற்கு இது முக்கியக் காரணம்; பின்லாந்தில் அது இரண்டு மடங்குக்கும் மேல்.

பின்லாந்திலும் 16 வயதில் ஏறத்தாழப் பாதிப் பேர் 'லுகியோ' என்னும் பொதுக்கல்விக்கும், பத்தில் நால்வர் தொழிற்கல்விக்கும் போகிறார்கள். எந்தப் பாதையும் முட்டுச்சந்தாக முடியக் கூடாது என்பது அங்கே கொள்கை. தொழிற்கல்வி முடித்தவரும் உயர்கல்விக்குப் போகலாம். 2021இல் கட்டாயக் கல்வி வயதை 18 ஆக்கினார்கள். ஆயினும் வேலையிடத்தோடு ஆழமாகப் பின்னிய ஜெர்மன் பயிற்சியின் உறுதி அங்கே இன்னும் வரவில்லை.

சரிவு

பின்லாந்தைப் புகழ்ந்து எழுதுவோர் பலர் 2006லேயே நின்றுவிடுகிறார்கள். அந்த ஆண்டு அறிவியலில் 563 புள்ளி, கணக்கில் 548. 2022இல் அறிவியலில் 511, கணக்கில் 484. ஜெர்மனியும் அதே ஆண்டு கணக்கில் 475, வாசிப்பில் 480 என்று தன் வரலாற்றிலேயே கீழே இறங்கியது. இரண்டு நாடுகளையும் பிரித்த இடைவெளி சுருங்கிவிட்டது; இருவரும் இறங்கியதால் சுருங்கியது.

பின்லாந்தின் சரிவு ஒரே ஆண்டில் நிகழ்ந்ததன்று. 2006க்குப் பின் படிப்படியாக நேர்ந்தது. வாசிப்பில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் உள்ள இடைவெளி உலகின் பெரிய இடைவெளிகளில் ஒன்றாகியிருக்கிறது. குடிபெயர்ந்தோர் பிள்ளைகள் வெகுவாகப் பின்தங்குகிறார்கள். இன்பத்துக்காக வாசிக்கும் பழக்கம் தேய்ந்தது. 2010களில் கல்விச் செலவை வெட்டினார்கள். பெரிய நகரங்களில் இசை, அறிவியல் என்று சிறப்பு வகுப்புகளுக்குத் தேர்வு வைத்துப் பிள்ளைகளை எடுக்கும் வழக்கம் பரவி, வாசல் வழியே அனுப்பிய பிரிவினை சன்னல் வழியே திரும்புகிறது. 2025 ஆகஸ்ட் முதல் வகுப்பில் கைபேசியைக் கட்டுப்படுத்தும் சட்டமும் வந்திருக்கிறது.

இந்தச் சரிவைக் காட்டி, பொதுப்பள்ளி தோற்றது என்பவர்கள் உண்டு. ஆறு ஆண்டு முன்னதாகவே பிரித்த ஜெர்மனியும் சேர்ந்தே சரிந்ததை அவர்கள் பார்க்க வேண்டும். 2022 கணக்குத் தேர்வில் வசதி மிக்க கால்பங்கினருக்கும் வசதி குறைந்த கால்பங்கினருக்கும் உள்ள இடைவெளி ஜெர்மனியில் 111 புள்ளி, பின்லாந்தில் 83. விழுந்த பிறகும் பின்லாந்து ஏழைப் பிள்ளையைக் கூடுதலாகப் பிடித்து வைத்திருக்கிறது.

என் முடிவு

இரண்டு நாடுகளும் ஆளுக்குப் பாதி உண்மையைக் கண்டிருக்கின்றன. பிரிப்பதைத் தள்ளிப்போட வேண்டும் என்ற பாதியைப் பின்லாந்து கண்டது. பிரிந்தபின் எந்தப் பாதையில் போனவரும் மதிப்போடு வாழ வழி வேண்டும் என்ற பாதியை ஜெர்மனி கண்டது. இரண்டில் எது முதலில் வேண்டும் என்று கேட்டால், பின்லாந்தின் பாதியையே சொல்வேன். பதினாறு வயதில் தச்சுவேலையைத் தேர்ந்தெடுப்பது ஒரு தேர்வு. பத்து வயதில் கணக்கில் ஒரு தரம் குறைந்ததால் அந்தப் பக்கம் தள்ளப்படுவது தேர்வாகாது.

ஜெர்மனியும் அதை மெல்ல ஒத்துக்கொண்டு வருகிறது. ஒரு காலத்தில் பெரும்பாலான பிள்ளைகளை ஏற்ற ஹவுப்ட்ஷூலெ என்னும் கீழ்நிலைப் பள்ளி இன்று பல மாநிலங்களில் இல்லை. பெர்லினும் ஹாம்பர்க்கும் 2010இல் மூன்று பாதைகளை இரண்டாக்கின. தொடக்கப் பள்ளியில் முழுநாள் இடம் 2026 ஆகஸ்ட் முதல் படிப்படியாகப் பிள்ளையின் சட்ட உரிமையாகிறது. 2024இல் தொடங்கிய திட்டம், பின்தங்கிய பகுதிகளின் சுமார் 4,000 பள்ளிகளுக்குப் பத்தாண்டில் 2,000 கோடி யூரோ தருகிறது. பிற்பகலில் பக்கத்தில் உட்கார ஆளில்லாத பிள்ளைக்கு ஓர் ஆளைத் தரும் முயற்சி இது.

முளையைப் பார்த்து விளைச்சலைச் சொல்லலாம் என்று நம் முன்னோர் சொன்னது உண்மையாகவே இருக்கட்டும். ஆனால் எந்த உழவரும் வாடிய முளைக்குத் தண்ணீரை நிறுத்துவதில்லை. முதலில் வரப்பைப் பார்ப்பார், வாய்க்காலைப் பார்ப்பார். லாப்லாந்தின் பனிக்காட்டுக் கிராமத்தில் 1972இல் திறந்த பள்ளிக்கதவு செய்தது அந்த வேலையைத்தான்.